கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர்களுக்கு முன்தயாரிப்பு, மறுவாழ்வு ஆலோசனைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோயாளிகளுக்கு உடற்பயிற்சி, உணவு, மனநலம் பற்றி ஆலோசனை சொல்லக் கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர்களைப் பழக்கும்போது, கதிர்வீச்சு மெஷினை இயக்கும் டெக்னாலஜிஸ்டுகளும் செவிலியர்களும் பிரிவுத் தலைவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

ப்ரீஹேப்னா என்ன? ஆபரேஷனுக்கு முன்னாடி செய்யறதுதானே அது?

சிகிச்சையின் பாரத்தைத் தாங்கும்படி உடலையும் மனதையும் முன்கூட்டியே தயார்படுத்துவதுதான் ப்ரீஹேப் எனப்படும் முன்தயாரிப்பு. உடற்பயிற்சி, ஊட்டம், மனநல ஆதரவு மூன்றும் அதன் தூண்கள். புகையையும் மதுவையும் நிறுத்த உதவுவது இவற்றோடு சேர்ந்தே வரும். அறுவை சிகிச்சைத் துறையில் முதலில் பரவியதால் அது அவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது.

கதிர்வீச்சில், சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேனான சிடி சிமுலேஷன் முடிந்து முதல் நாள் சிகிச்சை தொடங்கும்வரை பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் கிடைக்கும். அதுவே முன்தயாரிப்புக் காலம். சிகிச்சை தொடங்கிய பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. பக்கவிளைவுகள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் தலைகாட்டும். ஆகவே முதல் வாரத்தில் சொல்லும் ஆலோசனைகூட முன்தயாரிப்புதான். கடைசி நாளுக்குப் பிறகு தொடர்வது மறுவாழ்வு. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே கறாரான கோடு கிடையாது.

இது பிசியோ வேலை, டயட்டீஷியன் வேலை. எங்க தலையில ஏன் கட்டறீங்க?

நோயாளியைத் தினமும் பார்ப்பவர் நீங்கள் என்பதால். மார்பகத்துக்கு 15 அமர்வு, புராஸ்டேட்டுக்கு 20 அமர்வு, தலை கழுத்துப் பகுதிக்கு 30 முதல் 35 அமர்வு என்பவை பரவலான திட்டங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஒரே முகங்கள். வேறெந்தப் பிரிவு ஊழியருக்கும் இவ்வளவு தொடர்ச்சி வாய்ப்பதில்லை. பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போடுகிறார், மேசையிலிருந்து எழ நேற்றைவிடத் திணறுகிறார், இன்று பேச்சே இல்லை என்பதையெல்லாம் முதலில் காண்பது டெக்னாலஜிஸ்ட்தான்.

பிசியோதெரபிஸ்டின் வேலையை யாரும் உங்களிடம் ஒப்படைக்கவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் அறிவுரையைச் சொல்வது, அதைத் தாண்டித் தேவைப்படுபவரைக் கண்டுபிடித்து அனுப்புவது, அனுப்பியது நடந்ததா என்று கேட்பது. இவ்வளவுதான்.

சரி, எங்க எல்லை எதுவரைக்கும்?

பிரிட்டனில் 2019இல் வெளியான முன்தயாரிப்பு வழிகாட்டுதல் மூன்று படிகளை வகுத்தது: அனைவருக்குமான பொது ஆலோசனை, குறிப்பிட்ட தேவை உள்ளவர்களுக்கு இலக்கு வைத்த உதவி, சிக்கலான தேவை உள்ளவர்களுக்கு நிபுணர் கவனிப்பு. பயிற்சி பெற்ற கதிர்வீச்சு ஊழியர் முதல் படியைத் தானே செய்யலாம். இரண்டாம் படியில் உள்ளூர் பிசியோவும் டயட்டீஷியனும் எழுதிக்கொடுத்த திட்டத்தைப் பின்பற்றி உதவலாம். மூன்றாம் படியில் அனுப்பிவைப்பது மட்டுமே அவர் வேலை.

உதாரணமாக, நடக்கச் சொல்லலாம். முதுகில் வலியுள்ளவருக்கு முதுகுப் பயிற்சி வகுத்துக் கொடுக்கக் கூடாது. புரதம் கூட்டச் சொல்லலாம். சிறுநீரக நோயாளிக்குப் புரத அளவு சொல்லக் கூடாது. பயம் இருக்கிறதா என்று கேட்கலாம். மனநல சிகிச்சை அளிக்கக் கூடாது. இந்த எல்லைகளை எழுத்தில் வைத்துப் பிரிவுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். எல்லை தெரியாத இடத்தில் ஒருவர் வாயே திறக்க மாட்டார், இன்னொருவர் எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பார்.

ஒரு ஆளுக்கு பத்து பதினைஞ்சு நிமிஷம்தான் ஸ்லாட். இதுல எப்போ உட்கார்ந்து பேசறது?

உட்கார்ந்து பேச வேண்டியது இரண்டே முறை: சிமுலேஷன் அன்று 10 நிமிடம், கடைசி வாரத்தில் 10 நிமிடம். மற்ற நாட்களில் ஒரே ஒரு கேள்வி போதும். அதை அறைக்குள் நடந்து வரும்போதே கேட்டுவிடலாம். திங்களன்று எடை, செவ்வாயன்று நடை, புதனன்று சாப்பாடு என்று நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்ட பிரிவுகளில் இது பாரமாகத் தெரிவதில்லை.

மேசையில் படுக்கவைத்து, தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் மாட்டிய பிறகு மட்டும் ஆலோசனை சொல்லாதீர்கள். அவரால் பதில் பேச முடியாது, காதில் விழுந்ததும் மனதில் நிற்காது.

பயிற்சி எத்தனை மணி நேரம்? என்னென்ன சொல்லித் தரணும்?

வீட்டிலேயே படிக்க ஒரு மணி நேரப் பாடம், நேரில் அரை நாள், பிறகு வேலையிடத்தில் இரண்டு மூன்று முறை ஒருவர் கூட இருந்து கவனிப்பது. குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் பேசிப் பழக முடியாது. நேரில் கிடைக்கும் அரை நாளை விரிவுரைக்குச் செலவிடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. பலன்களை விளக்கும் படங்களை வீட்டுப்பாடத்துக்குத் தள்ளிவிட்டு, நேரில் மூன்றே விஷயங்களுக்கு இடம் கொடுங்கள்.

முதலாவது, உடலால் செய்து பார்ப்பது. எல்லா ஊழியரும் நாற்காலியிலிருந்து 30 விநாடி எழுந்து உட்கார வேண்டும், சுவரில் கை ஊன்றித் தள்ள வேண்டும், தாழ்வாரத்தில் வேகமாக நடந்தபடியே பேச வேண்டும். தான் செய்து பார்க்காததை நோயாளிக்குச் செய்து காட்டும்போது தடுமாற்றம் வெளியே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பேசிப் பழகுவது. ஒருவர் நோயாளி, ஒருவர் ஊழியர், மூன்றாமவர் கவனிப்பவர். நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் பாத்திரம் சற்று முரண்டு பிடிப்பதாக இருக்கட்டும்: மூச்சு வாங்குவதால் நடக்கப் பயப்படுபவர், எதற்கெடுத்தாலும் தலையாட்டுபவர், உடன் வந்தவரையே பேசவிடுபவர். மூன்றாவது, அனுப்பும் வழி. படிவம் எங்கே, யாருக்குப் போகிறது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதை உண்மையான படிவத்தை நிரப்பியே பழக வேண்டும்.

யாருக்கு என்ன தேவைன்னு எதை வச்சு கண்டுபிடிக்கறது?

ஐந்து நிமிடத்துக்குள் முடியும் நான்கு அளவுகள் போதும். ஊட்டத்துக்கு எம்எஸ்டி எனப்படும் ஊட்டக்குறைவைக் கண்டறியும் கேள்வித்தாள்: எடை தானாகக் குறைந்ததா, எவ்வளவு, பசி குறைந்ததால் உணவு குறைந்ததா என்று கேட்கும். 2 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டயட்டீஷியனிடம் அனுப்ப வேண்டும். மனநிலைக்கு 0 முதல் 10 வரையிலான மனச்சுமை அளவுகோல். 4 அல்லது அதற்கு மேல் போனால் என்ன பாரம் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். அசதிக்கும் அதே 0–10 அளவு: 1–3 லேசு, 4–6 நடுத்தரம், 7–10 கடுமை.

கால் வலுவுக்கு 30 விநாடி நாற்காலிச் சோதனை. ஏறக்குறைய 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முழுதாக எழுந்து உட்காருவதை எண்ணுங்கள். 65–69 வயதில் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11 முறைக்குக் குறைந்தால் விழும் ஆபத்து அதிகம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். நேராகப் பிசியோவிடம் அனுப்புங்கள். நாற்காலியில் சக்கரம் இருந்தால் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். சிமுலேஷன் அறைகளில் கைக்குச் சிக்குவது பெரும்பாலும் அந்த நாற்காலிதான்.

உடற்பயிற்சின்னா எவ்வளவுன்னு சொல்றது? "முடிஞ்ச அளவு நடங்க"ன்னா போதாதா?

போதாது. "முடிந்த அளவு" என்பது சிலருக்கு வாசல்வரை, சிலருக்கு மயங்கி விழும்வரை. அடிக்கடி எவ்வளவு, எவ்வளவு கடினமாக, எவ்வளவு நேரம், என்ன வகை என்ற நான்கையும் சொல்லுங்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய வல்லுநர் குழு 2019இல் சொன்ன அளவு நினைவில் வைக்க எளிது: நடுத்தர வேகத்தில் 30 நிமிட நடை அல்லது சைக்கிள் வாரத்துக்கு மூன்று முறை, தசை வலுப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு முறை. குறைந்தது 8 முதல் 12 வாரம் தொடர்ந்தால் அசதி, மனக்கலக்கம், அன்றாட இயக்கம் ஆகியவற்றில் பலன் தெரிகிறது.

நடுத்தரம் என்பதைப் பேச்சால் அளக்கலாம். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுவரை அசையாமலே இருந்தவருக்கு 30 நிமிடத்தில் ஆரம்பிக்காதீர்கள். 5 நிமிட நடையை நாளுக்கு இரண்டு மூன்று முறை, வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போகட்டும். வலுப் பயிற்சிக்கு நாற்காலியிலிருந்து எழுவது, சுவர்த் தள்ளல், பிடிமானத்தோடு குதிகால் உயர்த்துவது மூன்றும் ஆரம்பத்துக்குப் போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, மூச்சை அடக்காமல்.

கரண்ட் வச்சாலே அசதியா இருக்கும்னு சொல்றாங்க. ஓய்வு எடுங்கன்னுதானே சொல்லணும்?

கதிர்வீச்சு அசதி வாரத்துக்கு வாரம் ஏறி, சிகிச்சையின் கடைசியில் உச்சத்துக்குப் போய், முடிந்த பிறகும் பல வாரம் நீடிக்கும். இதற்குத் தூக்கமும் ஓய்வும் மட்டும் மருந்தாவதில்லை. படுத்தே இருந்தால் தசை கரையும். பிறகு சிறு வேலையும் மலையாகும். அளவான உடற்பயிற்சி இந்த அசதியைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்தி, நாளில் தெம்பாக இருக்கும் வேளையில் நடக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அசதி 7 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது திடீரென்று கூடினால், நடையைப் பற்றிப் பேசும் முன் மருத்துவருக்குச் சொல்லுங்கள். ரத்தசோகை, தொற்று, கட்டுப்படாத வலி, மனச்சோர்வு இவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கக்கூடும்.

யாருக்கு உடற்பயிற்சி சொல்லவே கூடாது?

அன்று காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், புதிய நெஞ்சுவலி, ஓய்விலேயே மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், ஒரு காலில் மட்டும் புதிய வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை நிறுத்திவையுங்கள். கீமோவும் சேர்ந்து போகிறவர்களின் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 8க்குக் கீழ் அல்லது பிளேட்லெட் 50,000க்குக் கீழ் என்றால் எடை தூக்கும் பயிற்சி பற்றி மருத்துவரைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். வெள்ளையணு குறைந்தவர் கூட்டமான உடற்பயிற்சிக் கூடத்தையும் நீச்சல் குளத்தையும் தவிர்க்க வேண்டும். தோல் உரிந்திருந்தாலும் குளம் கூடாது.

எலும்பில் பரவிய நோய்தான் பயிற்சியில் அதிக நேரம் கேட்கும் பகுதி. எந்த எலும்பு, எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது, எடை தாங்குமா என்று மருத்துவர் எழுதித் தராமல் ஒரு பயிற்சியும் சொல்லக் கூடாது. புதிய முதுகுவலியோடு காலில் பலம் குறைவதும், மரத்துப்போவதும், சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவதும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள். அது அந்த நிமிடமே கூப்பிட வேண்டிய அவசரம். நாளை வரச்சொல்லக் கூடாது. இதை எல்லா ஊழியரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

குண்டா இருக்கறவர் எடை குறைஞ்சா நல்லதுதானே?

சிகிச்சை நடக்கும்போது நல்லதில்லை. விரைவாகக் குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகிறது, பருமனானவருக்கும்கூட. அதற்கு மேல் கதிர்வீச்சுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: உடல் வடிவம் மாறினால் மாஸ்க் தளரும், சிமுலேஷனில் எடுத்த சிடியோடு இன்றைய உடல் ஒத்துப்போகாது, திட்டத்தையே திரும்பப் போட நேரிடலாம். ஆகவே எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலணி கழற்றி எடுத்து எழுதுங்கள். "எடை எடுத்தோம்" என்ற குறிப்பால் பயனில்லை. முதல் நாள் எடையிலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று எழுதினால்தான் யாருக்காவது உறைக்கும்.

பொதுவான இலக்கு: நாளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25–30 கிலோகலோரி, 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,500–1,800 கிலோகலோரி, 60–90 கிராம் புரதம். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இடுப்புப் பகுதிக்குச் சிகிச்சை எடுப்பவரிடம் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றச் சொல்லாதீர்கள். நார்ச்சத்து ஒரேயடியாகக் கூடினால் வாயுவால் மலக்குடல் வீங்கும். சிகிச்சைக்கு முன் எடுக்கும் அன்றைய படத்தில், கதிர் பட வேண்டிய இடம் நகர்ந்திருக்கும். ஆலோசனை சொன்ன ஊழியரே மறுநாள் மெஷின் முன் காத்திருக்க வேண்டிவரும்.

விட்டமின் மாத்திரை, சத்து மாத்திரை எடுக்கலாமான்னு கேக்கறாங்க. என்ன பதில்?

"என்னென்ன எடுக்கிறீர்கள் என்று கொண்டுவந்து காட்டுங்கள்" என்பதே முதல் பதில். கனடாவின் கியூபெக்கில் 540 தலை கழுத்து நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஆன்டிஆக்சிடன்ட் (செல் சேதத்தைத் தடுக்கும்) மாத்திரை எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவு குறைந்தது, ஆனால் நோய் அதே இடத்தில் திரும்புவது கூடுவதற்கான அறிகுறி தெரிந்தது. கதிர்வீச்சிலிருந்து கட்டியையும் காப்பாற்றி விடுவோமோ என்ற அச்சம் நியாயமானதே. சிகிச்சைக் காலத்தில் அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைத் தானாக எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவர் குறைபாட்டுக்கு எழுதிக்கொடுத்தது வேறு. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

புகை பத்திப் பேசினா கோவிச்சுக்கறாங்களே?

"ஏன் பிடிக்கிறீர்கள்" என்று தொடங்கினால் கோபம் வரத்தான் செய்யும். கேட்பது, சொல்வது, வழிகாட்டுவது என்று அரை நிமிடத்தில் முடியும் முறை இருக்கிறது. "இப்போது புகைப்பது உண்டா?" "நிறுத்தினால் இந்தச் சிகிச்சை நன்றாக வேலை செய்யும், வாய்ப்புண்ணும் தோல் புண்ணும் ஆறுவது எளிதாகும். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் நிறுத்துவது சாத்தியம்." "உங்கள் பெயரை நிறுத்தும் பிரிவுக்கு இன்றே கொடுக்கட்டுமா?" விளக்கம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கும், ஆக்சிஜன் குறைந்த கட்டியில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி ஒரு தடவை கேளுங்கள்.

தலை கழுத்து நோயாளிக்கு வாய் திறக்கற பயிற்சி நாங்களே சொல்லலாமா?

விழுங்குதல் நிபுணர் காட்டிக்கொடுத்ததை நினைவூட்டலாம், செய்கிறாரா என்று பார்க்கலாம், அளக்கலாம். முன் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில், சிகிச்சை தொடங்குமுன் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை எழுதுங்கள். 35 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் தாடை இறுக்கம். அதுவரை காத்திருக்காமல், முதல் அளவிலிருந்து இறங்கத் தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள். இறுகி முடிந்த தாடையைத் திறப்பது மிகக் கடினம்.

விழுங்கும் தசைகளை உபயோகிக்காமல் விட்டால் அவை மெலியும். குழாய் வழி உணவு போகிறவர்களும், நிபுணர் பாதுகாப்பானது என்று சொன்ன அளவுக்கு, வாயால் ஏதாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலி அதிகமாகிப் பயிற்சியை நிறுத்தினால் "முயற்சி செய்யுங்கள்" என்று தட்டிக்கொடுப்பதில் பயனில்லை. பயிற்சிக்கு அரை மணி முன்னதாக வலி மருந்து எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மார்பக அறுவை முடிஞ்சவங்க கையைத் தூக்கலாமா? வெயிட் தூக்கினா வீங்கிடும்னு பயப்படறாங்க.

தூக்கியே ஆக வேண்டும். சிமுலேஷனில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க முடியாவிட்டால் சிகிச்சை நிலையே அமையாது. அதனால்தான் தோள் அசைவை சிமுலேஷனுக்கு ஒரு வாரம் முன்பே பார்ப்பது நல்லது. இடது மார்புக்கு மூச்சைப் பிடித்துச் சிகிச்சை எடுப்பவர் என்றால் 20 விநாடி மூச்சுப் பிடிக்கும் பழக்கத்தையும் அப்போதே தொடங்கலாம்.

வீக்கப் பயத்துக்கு நல்ல பதில் இருக்கிறது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சியால் வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவதும் குறைந்தது. "மெல்ல மெல்ல" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிய வீக்கம், கனம், சிவப்பு என்றால் பிசியோவுக்கு அனுப்புங்கள். சிவப்போடு காய்ச்சலும் இருந்தால் மருத்துவரிடம்.

பெண்ணுறுப்பு, தாம்பத்தியம் பத்தி எப்படிங்க பேசறது? வாயே வரமாட்டேங்குது.

நோயாளிக்கும் வராது. அதனால் முதலில் பேச வேண்டியவர் நீங்கள். "இந்தப் பகுதியில் சிகிச்சை எடுக்கும் பலருக்கும் வறட்சியும் வலியும் வரும், அதைப் பற்றி எங்கள் செவிலியரிடம் தனியாகப் பேச விருப்பமா?" என்ற ஒரே வாக்கியத்தைப் பயிற்சியில் எல்லோரும் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். முதல் மூன்று தடவை சிரிப்பு வரும், நான்காவதில் போய்விடும். உடன் வந்தவர் முன்னால் கேட்காதீர்கள்.

பெண்ணுறுப்பு ஒட்டிச் சுருங்காமல் இருக்க டைலேட்டர் என்ற விரிப்பான் தரப்படுகிறது. சிகிச்சைப் புண் ஆறிய பிறகு, பொதுவாக 2 முதல் 8 வாரத்துக்குள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தொடங்குவார்கள். தொடங்கும் நாளைப் பரிசோதித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். புராஸ்டேட் நோயாளிகளுக்கு விறைப்புக் குறைபாடு பற்றியும் இதே அளவு வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு பல பிரிவுகளில் நடப்பதே இல்லை.

நோய் முத்திட்டவருக்கு இதெல்லாம் எதுக்கு?

குணமாக்கும் நோக்கம் இல்லாதபோதும் கழிப்பறைக்குத் தானே போய்வருவது பெரிய விஷயம். இலக்கைச் சிறிதாக்குங்கள்: படுக்கையிலிருந்து விழாமல் எழுவது, மூச்சு வாங்காமல் உடை மாற்றுவது. எடையையும் புரதத்தையும் வற்புறுத்துவதைத் தளர்த்தலாம். எலும்பு பற்றிய எச்சரிக்கையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது.

கடைசி நாள் மணியடிச்சு அனுப்பிடறோம். அதோட விட்டாச்சா?

பலருக்கும் தோல் எரிச்சல் சிகிச்சை முடிந்த ஒன்று இரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், ஏதோ தவறாகிவிட்டது என்று பயந்து வருவார்கள். கடைசி வாரப் பேச்சில் இன்னும் மூன்று வேண்டும். அசதி உடனே போகாது என்பது ஒன்று. நிறுத்தக் கூடாத பயிற்சி எது என்பது இரண்டு. மாதங்கள், வருடங்கள் கழித்து வரக்கூடிய பின்விளைவுகள் மூன்று: கழுத்துக்குச் சிகிச்சை எடுத்தவருக்குத் தைராய்டு குறையலாம், தாடைக்கு எடுத்தவர் பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்ல வேண்டும், இடுப்புக்கு எடுத்தவர் ரத்தம் கலந்த மலத்தை மூலம் என்று தானே முடிவுகட்டக் கூடாது. இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, அழைக்க வேண்டிய எண்ணோடு கொடுங்கள். அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாத்துக்கும் தலையாட்டறாரு, ஒண்ணும் செய்யறதில்லை. என்ன பண்றது?

தலையாட்டலைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க, வீட்டில் எப்படிச் சொல்வீர்கள், சொல்லுங்கள்" என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அடுத்து, தடை எதில் என்று கேளுங்கள்: செய்யத் தெரியவில்லையா, செய்ய இடமும் நேரமும் இல்லையா, மனமில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. நேரமில்லாதவரிடம் பலன்களை விளக்கி என்ன ஆகப்போகிறது? காத்திருக்கும் நேரத்திலேயே தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பயிற்சி கொடுத்தோம். மூணு மாசத்துல எல்லாரும் பழையபடி ஆயிட்டாங்க. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம். அனுப்பிய நோயாளிக்குப் பிசியோவிடம் இடமே கிடைக்கவில்லை. இரண்டு முறை அப்படி ஆனால் எந்த ஊழியரும் மூன்றாம் முறை அனுப்ப மாட்டார். பதிவு செய்ய மென்பொருளில் இடமில்லை. எழுத இடமில்லாத வேலை நாளடைவில் நடக்காது. பயிற்சி பெற்றவர் ஷிப்டில் ஒருவர் மட்டும். அவர் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுவிடும்.

ஆகவே ஊழியரை அழைக்குமுன் பிசியோ, டயட்டீஷியன் இருவரோடும் உட்கார்ந்து, வாரத்துக்கு எத்தனை பேரை ஏற்க முடியும் என்று எண்ணிக்கை வாங்குங்கள். அது குறைவு என்றால் மூன்றாம் கேள்வியில் சொன்ன இரண்டாம் படியை விரித்து, மூன்றாம் படிக்கு உண்மையிலேயே தேவையுள்ளவர்களை மட்டும் அனுப்புங்கள்.

பலன் இருக்குன்னு மேலிடத்துக்கு எப்படிக் காட்டறது?

பயிற்சி முடிந்ததும் "பிடித்திருந்ததா" என்று கேட்கும் படிவத்தை ஆதாரமாகக் கொண்டுபோகாதீர்கள். ஊழியரின் தன்னம்பிக்கையைப் பயிற்சிக்கு முன், பின், மூன்று மாதம் கழித்து 0–10இல் கேளுங்கள். அதோடு தொடர்ந்து வரும் 30 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து நான்கைப் பாருங்கள்: எம்எஸ்டி பதிவாகியிருக்கிறதா, எடை வாரவாரம் இருக்கிறதா, அனுப்ப வேண்டியவர் அனுப்பப்பட்டாரா, அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா. பயிற்சிக்கு முந்தைய 30 பதிவுகளையும் இதேபோல் எண்ணி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். அதைப் பயிற்சித் தேதி குறிக்குமுன் செய்துவிடுங்கள்.